இஸ்தோப்பில் தைத்த சப்பாத்து

ஹந்தானை மலையில் வைத்து, பகல் பதினொன்றரைக்கு என் வலது சப்பாத்தின் சோல் கழன்றது. ஓரம் கொஞ்சம் பிரிந்தது என்று சொல்ல முடியாது. குதியில் தொடங்கி நடுப்பாதம் வரை வாய் பிளந்து, கால் தூக்கும்போதெல்லாம் தொங்கி, வைக்கும்போது சளக்கென்று தரையில் அடித்தது. தனியாகப் பை சுமந்து நடக்கப் புறப்பட்ட பயணத்தின் முதல் நாள் அது. முதுகில் பதினொரு கிலோ. அன்றிரவு தங்கவேண்டிய கலஹாவுக்கு இன்னும் பாதிக்கு மேல் தூரம் இருந்தது.

அந்த நாளின் மழை, மின்னல், அட்டை எல்லாமே இந்தப் பதிவில் வரும். ஆனால் நான் முக்கியமாக எழுத நினைப்பது அந்தச் சப்பாத்தைப் பற்றி. அது ஏன் கழன்றது, மலையில் வைத்து எதைக்கொண்டு கட்டினேன், பிறகு ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எப்படித் தைத்தோம் என்பதை விவரமாக எழுதி வைத்தால், பழைய சப்பாத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டு மலைக்குப் புறப்படுகிற யாருக்காவது உதவும்.

நான் நடந்தது பெக்கோ ட்ரெயிலில். கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற நீண்ட நடைபாதை. 22 கட்டங்கள், மொத்தம் 300 கிலோமீற்றருக்குச் சற்று மேல். இதற்கென்று புதிதாக வெட்டிய பாதை அதிகம் இல்லை. கோப்பிக் காலத்திலும் தேயிலைக் காலத்திலும் போட்ட தோட்டத்துப் பாதைகளையும் வண்டிப் பாதைகளையும் ஒன்றோடொன்று தொடுத்திருக்கிறார்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து நடந்தும் கடல் கடந்தும் வந்துசேர்ந்த மக்கள் வேலை செய்த மண், அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றைக்கும் கொழுந்து பறிக்கிற மண். அதனாலேயே இந்தப் பாதையை முதலில் தேர்ந்தெடுத்தேன்.

மூன்று நாள் திட்டம். முதல் நாள் ஹந்தானையிலிருந்து கலஹா, சுமார் 13 கிலோமீற்றர். இரண்டாம் நாள் கலஹாவிலிருந்து லூல்கந்துர. மூன்றாம் நாள் தவலந்தென்ன. இலங்கையில் வணிக அளவில் தேயிலை முதன்முதலில் பயிரானது லூல்கந்துரவில்தான். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டார். இரண்டு வருடத்துக்குப் பிறகு, 1869இல், கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தென்பட்டது. அடுத்து வந்த ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் ஒவ்வொன்றாக அழிந்து மலைநாடு முழுவதும் தேயிலையாக மாறியது. அந்த முதல் தோட்டத்துக்கு பஸ்ஸில் போய் இறங்காமல் என் காலால் நடந்து போய்ச் சேரவேண்டும் என்று பல வருட ஆசை.

முன்பு மலை ஏறியபோதெல்லாம் நண்பர்கள் கூட இருந்தார்கள். ஒருவர் பாதை பார்ப்பார், ஒருவர் சமைப்பார், நான் பின்னால் நடப்பேன். இந்த முறை எல்லாவற்றையும் நானே செய்து பழக வேண்டும் என்று முடிவெடுத்துத் தனியாகப் புறப்பட்டேன். ஒக்டோபர் நடுப்பகுதி. பருவமழைகளுக்கு இடைப்பட்ட காலம். மலைநாட்டில் காலையில் வெயில் எறிக்கும், மத்தியானத்துக்குப் பிறகு இடியோடு மழை கொட்டும். அது தெரிந்தேதான் காலையில் வெள்ளனத் தொடங்கத் திட்டம் போட்டேன்.

பையைப் பற்றி ஒரு பந்தியாவது எழுதவேண்டும், ஏனென்றால் பிறகு நடந்ததெல்லாம் அதற்குள் இருந்ததையும் இல்லாததையும் பொறுத்தது. கூரைத் தறப்பாள், மெல்லிய படுக்கைப் பாய், மாற்றுடுப்பு ஒன்று, மழைக்கோட்டு, இரண்டு லீற்றர் தண்ணீர், பருப்பும் அவலும், ஒரு சிறிய கேத்தல். பழுது பார்க்க ஒரு துணிப்பை தனியாக: ஐந்து மீற்றர் நைலோன் கயிறு, லைற்றர் ஒன்றின்மேல் சுற்றிய டக்ட் டேப், பல்லிடுக்குச் சுத்தம் செய்கிற நூல் ஒரு டப்பி, இரண்டு தடித்த ஊசி, ஒரு மெழுகுதிரித் துண்டு, சின்னக் கத்தி, மோட்டார் சைக்கிள் ட்யூபில் குறுக்காக அறுத்த நான்கு விரல் அகல வளையங்கள் இரண்டு. எல்லாம் சேர்த்து 190 கிராம். வீட்டில் நிறுத்துப் பார்த்தபோது இதைக் குறைக்கலாமா என்று யோசித்தேன். குறைக்காமல் விட்டது நல்லதாகப் போயிற்று.

காலை ஏழே முக்காலுக்கு ஓட்டோ என்னைத் தேயிலை அருங்காட்சியகத்தின் முன்னால் இறக்கிவிட்டது. 1925இல் கட்டிய நாலு மாடித் தொழிற்சாலைக் கட்டடம், 2001 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கிருந்துதான் பாதை தொடங்குகிறது. வெயில் இதமாக இருந்தது. கீழே கண்டி நகரம் பனிமூட்டத்துக்குள் பாதி தெரிந்தும் தெரியாமலும் கிடந்தது. முதல் இரண்டு மணித்தியாலம் எந்தக் குறையும் இல்லை.

மேலே போகப்போகக் கைவிட்ட தேயிலை வந்தது. நான் இதைக் கவனித்துப் பார்த்தது அன்றுதான். தேயிலையைக் கவ்வாத்து வெட்டாமல் விட்டால் அது மரமாகிவிடும். இடுப்பளவில் பச்சைப் பாயாகப் பார்த்துப் பழகிய செடி, அங்கே என்னைப்போல இரண்டு மடங்கு உயரத்தில், பாசி படிந்த தண்டோடு நின்றது. ஆனால் வரிசை மாறவில்லை. காட்டுக்குள் மரங்கள் சமமான இடைவெளியில் நேர்கோட்டில் நின்றால் அது ஒரு காலத்து மலை, அதாவது கொழுந்து பறித்த நிலம். இந்த அடையாளம் பிற்பகல் எனக்குக் கைகொடுத்தது.

பத்தரைக்கு முதல் அட்டை. சப்பாத்துக்கு மேலே முழங்கால் வரை இழுத்துக் கட்டுகிற துணிக் காலுறை போட்டிருந்தேன், நானே தைத்தது, நெருக்கமான பருத்தித் துணியில். அதன்மேல் காய்ந்த சவர்க்காரத்தைத் தேய்த்திருந்தேன். உப்பு பூசுவதை விட இது மேல், உப்பு முதல் மழைக்கே கரைந்துவிடும். ஆனாலும் ஒன்று எப்படியோ முழங்காலுக்குப் பின்னால் ஏறிவிட்டது. இழுத்துப் பிய்க்கக் கூடாது. மெல்லிய முனைதான் வாய்ப்பக்கம், அதன் ஓரத்தில் நகத்தைப் பதித்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமலிருக்க அது ஒரு சுரப்பை விடுவதால் கடிவாய் கொஞ்ச நேரம் ஒழுகும், பயப்படத் தேவையில்லை. துடைத்துவிட்டு நடந்தேன்.

பிறகுதான் சப்பாத்து.

ஏழு வருடத்துக்கு முன் வாங்கியது. மூன்று பயணத்துக்குத்தான் போட்டிருக்கிறேன். மிச்ச நாளெல்லாம் வவுனியாவில் அலுமாரிக்கு மேலே பெட்டிக்குள் இருந்தது. தோலும் துணியும் புதிது போலவே இருந்தன. சோலின் கீழ்ப்புறத்து ரப்பரும் அப்படித்தான், பற்கள் கூடத் தேயவில்லை. பழுதானது இரண்டுக்கும் நடுவே இருக்கிற மெத்தை. அந்த நடுச்சோல் பொலியூரிதேன் என்கிற பொருளில் செய்தது. நடப்பதற்கு அருமையான பொருள், ஆனால் காற்றில் உள்ள ஈரப்பதம் மெல்ல மெல்ல அதன் கட்டமைப்பை அறுத்துக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெக்கையிலும் ஈரத்திலும் இது இன்னும் வேகமாக நடக்கும். ஐந்து முதல் பத்து வருடத்துக்குள் பெரும்பாலானவை இற்றுப்போகும். போட்டு நடக்காமல் பத்திரமாக வைத்தால் நீடிக்கும் என்று நாம் நினைப்பது இந்த விடயத்தில் சரியில்லை. கீழே உட்கார்ந்து விரலால் அழுத்திப் பார்த்தேன். பழைய கேக்கைப்போல உதிர்ந்தது.

வீட்டிலேயே செய்திருக்கவேண்டிய சோதனை ஒன்று உண்டு. சப்பாத்தை வளைத்துப் பிடித்து, நடுச்சோலின் பக்கவாட்டில் பெருவிரல் நகத்தை ஊன்றிப் பார்க்க வேண்டும். நகம் பதிந்து மீண்டால் நல்லது. பொடி வந்தாலோ, மயிர்போன்ற வெடிப்புகள் விரிந்தாலோ, பிசுபிசுத்தாலோ அந்தச் சப்பாத்தில் மலைக்குப் போகக் கூடாது. பசை போட்டு ஒட்டியும் பயனில்லை. பசை பிடிப்பது மேற்பரப்பைத்தானே, அந்த மேற்பரப்பே உதிர்கிறது. வெறும் பசை விட்டுப்போன சப்பாத்து என்றால் கதை வேறு, அதைத் துடைத்து உரசி ஒட்டிவிடலாம்.

ஆகவே மலையில் செய்யக்கூடியது கட்டுவது ஒன்றுதான். முதலில் கால்விரல் பக்கத்துக்கு ட்யூப் வளையம். இரண்டு கையாலும் விரித்துச் சப்பாத்தின் முன்பக்கத்தால் நுழைத்து, விரல்கள் மடங்குகிற இடத்துக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து விட்டேன். கவ்விப் பிடித்தது. குதிக்கு நைலோன் கயிறு. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கயிறு சோலின் பற்கள்மேல் கிடந்தால் நூறு அடி நடப்பதற்குள் தேய்ந்து அறும். பற்களுக்கு இடையே உள்ள பள்ளத்தில் விழும்படி வைக்க வேண்டும். அப்படி இரண்டு சுற்று அடியால் எடுத்து, இருபுறமும் மேலே கொண்டுவந்து, கணுக்காலுக்குப் பின்னால் எட்டுப்போலக் குறுக்கே மாற்றி, முன்னால் நாடாக் கொக்கிகளில் மாட்டி இறுக்கினேன். முடிச்சு மேற்பக்கம் வரவேண்டும். பக்கவாட்டில் வந்தால் கல்லில் உரசும், பின்னால் வந்தால் தோலை அறுக்கும். அதற்குமேல் டக்ட் டேப் இரண்டு சுற்று. ஈரத்தில் டேப் ஒட்டாது, அதை ஒட்டுவதற்காக இல்லாமல் கயிறு நழுவாமலிருக்கப் போட்டேன்.

இருபது நிமிடம் பிடித்தது. எழுந்து நடந்தால் சளக் சத்தம் போய்விட்டது. ஆனால் ஈரப்பாறையில் ட்யூப் வளையம் வழுக்கியது. வலது காலை வைக்கும் ஒவ்வொரு இடத்தையும் பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது. வேகம் பாதியாகக் குறைந்தது. காலையில் வெள்ளனத் தொடங்கிச் சம்பாதித்த நேரமெல்லாம் அதில் கரைந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு மூடுபனி ஏறியது. ஹந்தானைத் தொடரின் உச்சிகள் அப்படி ஒன்றும் உயரமில்லை, அதிகம் போனால் 1,160 மீற்றர் அளவு. ஆனால் புல்வெளி மேட்டில் பனி சூழ்ந்தால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது. இரண்டு பக்கமும் மார்பளவு மானாப்புல், அதன் விளிம்பு கையைக் கீறும். பிறகு மின்னல். ஒளி தெரிந்ததும் எண்ணத் தொடங்கினேன். மூன்று வினாடிக்கு ஒரு கிலோமீற்றர் கணக்கு. முதலாவது பன்னிரண்டு வினாடி, நாலு கிலோமீற்றர். அடுத்தது எட்டு. அடுத்தது ஐந்து. என்னை நோக்கித்தான் வருகிறது.

மேட்டில் நிற்கக் கூடாது, தனி மரத்தடிக்கும் போகக் கூடாது என்பது மட்டும் மண்டையில் ஓடியது. சரிவில் வேகமாக இறங்கி, கொஞ்சம் பள்ளமான ஓர் இடத்தில் பையைத் தள்ளி வைத்துவிட்டு, படுக்கைப் பாயை நாலாக மடித்து அதன்மேல் குந்தினேன். இரண்டு பாதமும் ஒட்டியிருக்க, கையை முழங்காலில் கட்டிக்கொண்டு. மழை ஊசிபோலக் குத்தியது. ஒளியும் சத்தமும் ஒன்றாக வந்த இரண்டு முறை நெஞ்சு அடைத்துப் போனது. தனியாக வந்ததன் அர்த்தம் அப்போதுதான் முழுதாக உறைத்தது. பக்கத்தில் ஒருவர் இருந்தால் ஒன்றும் பேசாவிட்டாலும் அந்தப் பயத்தைப் பாதியாகப் பிரித்துக்கொண்டிருப்போம்.

அரை மணித்தியாலம் கழித்து இடி தூரப் போனது. எழுந்து பார்த்தால் பாதை எது என்று தெரியவில்லை. போனை எடுத்தேன். ஈரக் கையும் ஈரத் திரையும், விரல் வைத்தால் எங்கேயோ ஓடுகிறது. உட்சட்டையில் துடைத்துத் துடைத்து வரைபடத்தைத் திறந்தபோது நான் பாதையிலிருந்து கிட்டத்தட்ட இருநூறு மீற்றர் கீழே இருந்தேன். திரும்ப மேலே ஏற வேண்டும், மேலே இன்னும் முழக்கம் கேட்கிறது, சப்பாத்தில் குதிக் கயிறு தளர்ந்திருக்கிறது. கீழே ஒரு பாதை போவது போலத் தெரிந்தது. அதில் இறங்கினேன். ஐம்பது மீற்றரில் அது பாதையில்லை, கான் என்று விளங்கியது. மழைத்தண்ணீர் மண்ணை அரிக்காமலிருக்கத் தேயிலை மலையில் குறுக்காக வெட்டுகிற வடிகாலைத்தான் அங்கே கான் என்பார்கள். தண்ணீர் கணுக்காலுக்கு மேலே ஓடியது.

அங்கே நின்று சுற்றிப் பார்த்தபோது அந்த மரங்கள் கண்ணில் பட்டன. நேர்கோட்டில், சம இடைவெளியில். தேயிலை. கான் இருந்தால் மலை இருந்திருக்கிறது. மலை இருந்தால் கொழுந்து சுமந்து இறங்கிய பாதை இருக்க வேண்டும். சுமையோடு போகிற பாதை செங்குத்தாக இறங்காது, சாய்ந்து சாய்ந்து போய் ஏதாவதொரு றோட்டில் முடியும். கானைக் குறுக்கே கடந்து பக்கவாட்டில் போனேன். ஏழு எட்டு நிமிடத்தில் கல் அடுக்கிய அணையும் அதன் ஓரமாக ஒற்றையடிப் பாதையும் கிடைத்தன. அதில் இறங்கி வர வர மரத் தேயிலை குறைந்து, வெட்டிப் பராமரிக்கிற பச்சைத் தேயிலை தொடங்கியது. அந்தப் பச்சையைக் கண்டபோது வந்த நிம்மதியை என்னால் எழுத முடியாது.

இரண்டரை மணிக்கு லயம் தெரிந்தது. தகரக் கூரை போட்ட ஒரே வரிசை வீடுகள், பக்கத்தில் சின்னதாக ஒரு மாரியம்மன் கோவில். முதல் வீட்டு இஸ்தோப்பில், முன்திண்ணையை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள், அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா உட்கார்ந்து ஏதோ தைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"மழைல நிக்காதீங்க தம்பி. மேல வாங்க."

"கலஹாவுக்குப் போகணும் அம்மா. பாதை தவறிட்டுது."

"பாதைய மேலயே வுட்டுட்டீங்களே. சரி, மொதல்ல உக்காருங்க. கால்ல என்னா கட்டு?"

கட்டைக் காட்டினேன். ட்யூப் வளையம் அடிப்பக்கத்தில் தேய்ந்து அறுகிற நிலையில் இருந்தது. கயிறு பள்ளத்திலிருந்து விலகி ஒரு பக்கம் பஞ்சாகியிருந்தது. அவர் சப்பாத்தைக் கழற்றச் சொல்லி வாங்கினார். சோலைப் பிடித்து ஒரு புத்தகத்தைத் திறப்பதுபோலத் திறந்து, இற்றுப்போன மெத்தையைக் கிள்ளிப் பார்த்தார்.

"இத ஒட்ட முடியாது. தைக்கத்தான் வேணும்."

அவர் கையில் இருந்தது கோணி ஊசி. தைத்துக்கொண்டிருந்தது படங்கு. கொழுந்து பறிக்கிற பெண்கள் தேயிலைச் செடியின் கிளைகள் கிழிக்காமலும் மழை நனைக்காமலும் இருக்க இடுப்பில் சுற்றிக்கொள்கிற தடித்த விரிப்பு அது. முப்பத்து நாலு வருடம் கொழுந்து பறித்தவர். படங்கு, கூடைக் கயிறு, சாக்கு எல்லாம் தானே தைத்துக் கட்டிப் பழகிய கை. இப்போது வேலைக்குப் போவதில்லை, பக்கத்து வீட்டுப் பெண்களுக்குத் தைத்துக் கொடுக்கிறார். என் துணிப்பையில் இருந்த ஊசிகளை எடுத்துக் காட்டினேன். ஒன்றை விரலால் வளைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அது சோலுக்குத் தாங்காது என்று அவர் சொல்லாமலே விளங்கியது.

முதல் வேலை சுரண்டுவது. தேய்ந்த ஒரு பழைய கத்தியால், உதிர்கிற மெத்தை முழுவதையும், கெட்டியான ரப்பர் தெரியும்வரை சுரண்டச் சொன்னார். அதை நான் செய்தேன். நல்ல ரப்பருக்கும் மேற்பகுதிக்கும் நடுவே குதியில் ஒரு விரல் தடிப்புக்கு வெற்றிடம், பாதத்தின் நடுவே அதில் பாதி. இதை அப்படியே விட்டுத் தைத்தால் குதி தாழ்ந்து முழங்கால் நோகும். அவர் பேரனைக் கூப்பிட்டார். பத்தாம் வகுப்புப் படிக்கிற பையன். வார் அறுந்த ஒற்றை ரப்பர் செருப்பொன்றை எங்கிருந்தோ கொண்டுவந்தான். அதைப் பார்த்ததும் எனக்கு அவ்வளவு மகிழ்ச்சி. சப்பாத்துக் கம்பனிகள் செய்வதும் இதைப்போல ஒன்றைத்தான்: பொலியூரிதேன் வேண்டாம் என்றால் அந்த இடத்தில் செருப்புக்குப் போடுகிற மாதிரியான மென்நுரை ரப்பரை வைக்கிறார்கள். அது ஈரத்தில் இப்படி இற்றுப்போகாது.

சோலைச் செருப்பின்மேல் வைத்து அடுப்புக்கரியால் கோடு போட்டார். கத்தியைத் தண்ணீரில் தோய்த்துத் தோய்த்து அறுத்தார். காய்ந்த கத்தி இந்த ரப்பரில் சிக்கும், ஈரக் கத்தி வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு துண்டு: ஒன்று குதியிலிருந்து நடுப்பாதம் வரை, மற்றது குதிக்கு மட்டும் மேலதிகமாக.

நூல் எடுத்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. உரச்சாக்கின் வாயைத் தைத்திருக்கிற வெள்ளை நூலை அவர் ஒரு குச்சியில் சுற்றிச் சேர்த்து வைத்திருந்தார். அந்தத் தையல் சங்கிலிபோல ஒன்றுக்குள் ஒன்று கோத்தது. ஒரு முனையில் இழுத்தால் இறுகும், மறுமுனையைப் பிடித்து இழுத்தால் சரசரவென்று ஒரே இழுவையில் முழுவதும் கழன்று வரும். எனக்குக் காட்டுவதற்காகப் புதுச் சாக்கொன்றில் அப்படி இழுத்தார். ஒரு மீற்றர் நூல் கண் இமைப்பதற்குள் கையில் இருந்தது. மூன்று இழையைச் சேர்த்துத் தொடையில் வைத்து முறுக்கினார். என் மெழுகுதிரித் துண்டை நூலின்மேல் இழுத்தார். மெழுகு பூசினால் தண்ணீர் ஊறாது, துளைக்குள் நழுவாமல் நிற்கும்.

துளை போட ஊசியால் முடியாது. பையன் சைக்கிள் கம்பி ஒன்றின் முனையை அடுப்பில் வைத்தான். கவ்வாத்து வெட்டிய மிலாறுதான், அதாவது தேயிலைக் குச்சிகள்தான், விறகு, மழை நாளிலும் நன்றாக எரிகிறது. கம்பி சிவந்ததும் நான் சப்பாத்தின் உள்விரிப்பை எடுத்துவிட்டு, உள்ளிருந்து கீழ்நோக்கித் துளைத்தேன். எங்கே துளைப்பது என்று முன்பே சோலைத் திருப்பிப் பார்த்து மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு துளையும் அடியில் ஒரு பள்ளத்துக்குள் வெளிவர வேண்டும். குதியில் ஆறு, நடுவில் நாலு. ரப்பர் புகை கண்ணைக் கரித்தது. ஒவ்வொரு துளைக்கும் கம்பியைத் திரும்பச் சூடாக்க வேண்டும், அவசரப்பட்டு ஆறிய கம்பியால் குத்தினால் அது கிழிக்கும், துளைக்காது.

பிறகு தையல். நூலின் இரண்டு முனையிலும் ஊசி. ஒரே துளையில் ஒன்று மேலிருந்து கீழே போகும், மற்றது கீழிருந்து மேலே வரும். அப்படித் தைத்தால் அடியில் ஓர் இழை தேய்ந்து அறுந்தாலும் மற்ற இழை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். உள்பக்கம் ஊசி பிடிப்பது எனக்குச் சிரமமாக இருந்தது, சப்பாத்துக்குள் கை நுழைவதே கஷ்டம். அவர் செருப்பின் மிச்சத் துண்டை உள்ளங்கையில் வைத்து ஊசியின் பின்புறத்தைத் தள்ளினார், பிறகு நூலைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றி, காலால் சோலை மிதித்துக்கொண்டு இழுத்தார். மூன்று அடுக்கும் ஒன்றோடொன்று நெருங்கிப் பிசைந்து உட்கார்ந்தன. நான் இழுத்த இரண்டு தையலைத் தடவிப் பார்த்துவிட்டு, அவிழ்த்துத் திரும்ப இழுக்கச் சொன்னார். முடிச்சு உள்பக்கம். அதன்மேல் சூட்டுக் கம்பியை இலேசாகத் தொட, நூல் உருகித் தட்டையாகிவிட்டது. உள்விரிப்பைத் திரும்பப் போட்டால் காலுக்கு ஒன்றும் உறுத்தவில்லை.

"மத்ததையும் கழட்டுங்க," என்றார். இடது சப்பாத்தை நகத்தால் அமுக்கினார். பொடி வந்தது. "இது நாளைக்குப் போயிரும். சும்மாவே வச்சா எல்லாம் இப்புடித்தான் இத்துப்போகும் தம்பி. கூடக்கயிறுகூட ரெண்டு மாசம் தொங்கவுட்டா அப்புறம் பாரம் தாங்காது."

இடதுக்குச் சுரண்டவில்லை, நேரம் இல்லை. உள்ளிருந்து ஆறு துளை போட்டு, அது பிரியாமல் தையல் மட்டும் போட்டோம்.

எல்லாம் முடிய ஒன்றே முக்கால் மணித்தியாலம். இடையில் பிளேன்டீயும் ரொட்டியும் கட்டச் சம்பலும் வந்தன. அவர்கள் பேசியதில் ஒன்று மனதில் நின்றது. ஒரு நாள் பேருக்கு, அதாவது ஒரு நாள் சம்பளத்துக்கு, 18, 20 கிலோ கொழுந்து பறித்து, அதை நிறுக்கிற இடம் வரைக்கும் இந்தச் சரிவில் சுமந்து இறங்கியதை அவர் சாதாரணமாகச் சொன்னார். காலில் பெரும்பாலும் இதே மாதிரி ரப்பர் செருப்பு, பல நாள் அதுவும் இல்லை. என் பை பதினொரு கிலோ. வாசலில் கிடந்த அந்தப் பையை அதற்குப் பிறகு நான் பாரம் என்று நினைக்கவில்லை.

பணம் கொடுக்கப் போனேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். என் பல்நூல் டப்பியைத்தான் இரண்டு முறை எடுத்து இழுத்துப் பார்த்திருந்தார், அறாத நூல், மெழுகும் ஏற்கனவே பூசியிருக்கிறது. அதையும் மெழுகுதிரித் துண்டையும் இஸ்தோப்பில் வைத்தேன். அதை மறுக்கவில்லை.

நாலேகாலுக்கு மழை விட்டது. பையன் கோவிலடி வரை வந்து குறுக்குப்பாதை காட்டினான். அங்கிருந்து கலஹா ஐந்து கிலோமீற்றர் அளவு, முதல் பாதி தேயிலைக்கு நடுவே கல்பாதை, பிற்பாதி தார் றோட்டு. ஒவ்வொரு கால் மணித்தியாலத்துக்கும் நின்று சோலைத் திருப்பிப் பார்த்தேன். கல்பாதையில் ஒரு தையலும் அசையவில்லை. குதியின் உயரம் இடதைவிட மயிரிழை கூடத்தான் இருந்தது, ஆனால் ஒரு மணித்தியாலத்தில் செருப்பு ரப்பர் அமுங்கிச் சமமாகிவிட்டது. தார் றோட்டுத்தான் மோசம். பள்ளத்துக்குள் கிடந்தாலும் தாரின் சொரசொரப்பு நூலைத் தொடுகிறது. கலஹாவில் பார்த்தபோது பத்தில் இரண்டு தையலின் வெளியிழை பஞ்சாகியிருந்தது. உள்ளிழை அப்படியே இருந்தது. நடுவில் போட்ட நாலில் ஒன்று பள்ளத்தின் சரி நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்திருந்தது, பஞ்சானதில் ஒன்று அது. அந்தத் துளையைப் போட்டது நான்.

ஆறு மணிக்குக் கலஹா. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஹாட்வெயார் கடை பூட்டப் போகிற நேரம். ரப்பர் ஒட்டுகிற பசை ஒரு சின்ன ட்யூப், உரத்த மண்கடதாசி ஒரு தாள் வாங்கினேன். தங்குமிடத்தில் மின்விசிறிக்குக் கீழே சப்பாத்தைக் காயவைத்து, குளித்து, அட்டைக் கடிகளுக்குச் சித்தாலேப என்கிற மூலிகைத் தைலம் பூசிவிட்டு, ஒன்பது மணிக்கு வேலையைத் தொடங்கினேன். செருப்புத் துண்டின் ஓரத்தையும் மேற்பகுதியின் ஓரத்தையும் மண்கடதாசியால் பளபளப்புப் போகும்வரை உரசினேன். இரண்டு பக்கமும் மெல்லியதாகப் பசை. உடனே ஒட்டக் கூடாது, விரலில் ஒட்டாத அளவுக்குக் காய, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, பிறகு அழுத்த வேண்டும். பொலியூரிதேன் மிச்சமிருந்த இடங்களில் பசையை வீணாக்கவில்லை. பஞ்சான இரண்டு தையல்மேலும் ஒரு சொட்டு விட்டேன், இழை மேலும் பிரியாமலிருக்க.

பிறகு இரண்டாவது ட்யூப் வளையத்தை மாட்டி, நைலோன் கயிற்றால் இறுக்கி, சப்பாத்துக்குள் ஈரம் உறிஞ்சப் பத்திரிகைத் தாள் திணித்து, அதன்மேல் பையைச் சாய்த்து வைத்தேன். லூல்கந்துர ஏற்றம் காலை ஏழுக்கு. கட்டை அவிழ்க்க ஆறு மணிக்கு அலாரம் வைத்துவிட்டு விளக்கை அணைத்தேன்.